பதினாறாம் நாளுக்குப் பிறகு: அப்பா அம்மாவை இழந்தவர்கள் சாமியைப் பிடித்துக்கொண்டு முதல் வருடத்தைக் கடக்க ஒரு வழிகாட்டி

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில்தான் வீடு உண்மையிலேயே காலியாகும். அதுவரை பங்காளிகள் இருப்பார்கள், மாமன் மச்சான் இருப்பார்கள், யாராவது ஒருவர் காபி போட்டுக் கையில் கொடுப்பார். எல்லோரும் பஸ் ஏறிய பிறகு திண்ணையில் அப்பாவின் செருப்பு மட்டும் கிடக்கும். "சாமியை நம்புப்பா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். எப்படி நம்புவது, எதிலிருந்து தொடங்குவது, கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கும், இங்கே வீட்டை வைத்துக்கொண்டு பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். வழக்கங்கள் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். இதில் சொல்வதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் மோதினால் பெரியவர்கள் பேச்சையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்பிக்கை வந்த பிறகு கும்பிடலாம் என்று காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். கைக்கு ஒரு சின்ன வேலையும் அதற்கு ஒரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள். மனசு பின்னால் வரும்.

1. உயிர் பிரிந்த நேரத்தை அன்றே எழுதி வையுங்கள்

பின்னால் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். திவசம் ஆங்கிலத் தேதிக்கு வராது, திதிக்கு வரும். திதியைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அரசு தரும் இறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. ஆஸ்பத்திரியில் போனவர்களுக்கு அங்கே கொடுக்கும் இறப்புச் சுருக்கத்தில் நேரம் இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் போனவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் சொல்வதுதான் கணக்கு. பத்து நாள் போனால் "சாயங்காலம் இருக்கும்" என்றுதான் சொல்வார்கள், அது போதாது.

நாள்காட்டியில் "தசமி மாலை 3.10 வரை, பிறகு ஏகாதசி" என்று போட்டிருக்கும். அன்று மாலை 4 மணிக்கு உயிர் பிரிந்திருந்தால் திதி ஏகாதசி. காகிதத்தின் மேலே பெரிய எழுத்தில் தசமி என்று இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருடா வருடம் ஒரு நாள் முன்னதாகத் திவசம் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. நள்ளிரவு தாண்டிப் போனவர்களுக்கு இன்னொரு சிக்கல். விடியற்காலை 2 மணி என்றால் ஆங்கிலக் கணக்கில் மறுநாள் ஆகிவிட்டது, பஞ்சாங்கத்தில் சூரியன் உதிக்கும் வரை முந்தைய நாள்தான். முந்தைய நாளின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: ஆங்கிலத் தேதி, நேரம், தமிழ் வருடம், தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, நட்சத்திரம். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். ஒன்றைப் பிடித்தால் அதையே எல்லா வருடமும் பிடியுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு மாதக் கணக்கே வேறு. தமிழ்க் குடும்பம் சூரியனை வைத்து வரும் சித்திரை, வைகாசியைப் பார்க்கும். அவர்கள் அமாவாசையை வைத்து வரும் சந்திர மாதத்தைப் பார்ப்பார்கள். தமிழ் நாள்காட்டியை மட்டும் நம்பினால் மாதமே தவறிவிடும்.

2. தீட்டு நாட்களில் கும்பிடுவதை நிறுத்தாதீர்கள்

தீட்டு 10, 11, 13, 16 என்று வீட்டு வழக்கப்படி இருக்கும். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பெற்றவர்கள் சாவில் 3 நாள் என்பது பொது வழக்கு. இந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, பூஜை அறையில் விளக்கேற்றுவதில்லை. இதைக் கேட்டுவிட்டுப் பலர் சாமி பெயரைச் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். மனசு மிக மோசமாக இருக்கும் நாட்களில் இருக்கும் ஒரே பிடியையும் விட்டுவிடுவது போல ஆகிறது.

சாமி பெயரைச் சொல்லத் தீட்டு இல்லை. இறந்தவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வழிபாடு. அதை ஒரு ஆள் பொறுப்பில் விடாமல் வீட்டில் இருக்கும் எல்லோரும் முறை வைத்துப் பாருங்கள். இரவு 2 மணிக்கு எழுந்து திரியைத் தூண்டி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றிவிட்டு, "நமசிவாய" என்றோ "நாராயணா" என்றோ "மாரியாத்தா" என்றோ வாய்க்குள் சொல்லிவிட்டுப் படுங்கள். தூக்கம் வராத இரவுக்கு அது ஒரு வேலை. பேரப் பிள்ளைகளையும் ஒரு முறை எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். பயந்து மூலையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது தைரியம் தரும்.

3. கருமாதிச் செலவுக்கு மூன்றாம் நாளே ஒரு எல்லை போடுங்கள்

கடன் வந்தால் அமைதி போய்விடும். அப்பாவை நினைக்கும்போதெல்லாம் வட்டிக்காரர் முகமும் சேர்ந்து நினைவுக்கு வந்தால் அது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பால் ஊற்றிய அன்று, பங்காளிகள் கூடியிருக்கும்போதே, கையில் இருக்கும் பணம் எவ்வளவு, பிள்ளைகள் ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று பேசி ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். பந்தல், நாற்காலி, பாத்திரம், சமையல் கூலி, மளிகை, காய்கறி, காரியம் செய்து வைப்பவருக்குக் கொடுப்பது, மேளம், வேட்டி சேலை, அழைப்பு அச்சடிப்பு என்று வரிசையாகப் போட்டாலே எங்கே வீங்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் சாப்பாட்டிலும் பந்தலிலும்தான் வீங்கும். காரியம் செய்து வைப்பவரிடம், பொருள் அவருடையதா நம்முடையதா, தட்சணை எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கருமாதி இரவு தெருக்கூத்து வைப்பது உண்டு. கர்ண மோட்சம் ஆடுவார்கள். வசதி இருந்தால் வையுங்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி புலம்பும்போது ஊரே சேர்ந்து அழும். வீட்டில் பதினைந்து நாளாகக் கல்லைப் போல நின்ற ஆண்களும் அந்த இருட்டில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுவார்கள். ஆனால் கடன் வாங்கித்தான் கூத்து வைக்க வேண்டும் என்றால் வேண்டாம். திவசத்தன்று நாலு பேருக்குச் சோறு போட்டால் போதும்.

4. "அடைப்பு" என்று சொல்லிப் பயமுறுத்தினால்

சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அடைப்பு, அதாவது சில மாதம் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு கெடு, உண்டு என்பது பஞ்சாங்க வழக்கு. அவிட்டத்தின் பின்பாதி முதல் சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி வரை 6 மாதம். இதைத்தான் தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். ரோகிணிக்கு 4 மாதம், கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் 3 மாதம், மிருகசீரிடம், புனர்பூசம், சித்திரை, விசாகம், உத்திராடம் இவற்றுக்கு 2 மாதம்.

வழக்கப்படி செய்வது எளிமையானது. உயிர் பிரிந்த இடத்தில் அந்த மாதங்கள் முழுவதும் தினமும் சாயங்காலம் ஒரு அகல் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பார்கள். மறுநாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். சில வீடுகளில் அந்த அறையைப் புழங்காமல் விடுவார்கள். கெடு முடிந்ததும் சிறிய சாந்திப் பூஜை.

இதைச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் கருமாதி வீடுகளைத் தேடி வருவார்கள். "உடனே பரிகாரம் செய்யாவிட்டால் வீட்டில் இன்னொரு உயிர் போகும்" என்பதுதான் அவர்கள் வாயில் வரும் முதல் வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் பேச்சை முடித்துவிடுங்கள். நட்சத்திரத்தை நீங்களே பஞ்சாங்கத்தில் நேரத்தோடு பாருங்கள், பாதி நேரம் அவர்கள் சொல்லும் நட்சத்திரமே தவறாக இருக்கும். உங்களைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷர் ஒரு நட்சத்திரத்துக்காக உங்கள் வீட்டுக்குத் தீங்கு செய்ய மாட்டார். அந்த விளக்கைப் பயத்தில் ஏற்றாமல், பாசத்தில் ஏற்றுங்கள்.

5. காகித வேலையை முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்குங்கள்

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. முடியாமல் கிடக்கும் காகித வேலை, கண்ணை மூடிக் கும்பிட உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணமும் கூடுதல் காகிதங்களும் வரும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். கிராமத்தில் வீட்டில் நடந்த சாவு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். நகராட்சி எல்லை என்றால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவு. ஆஸ்பத்திரியில் நடந்தது என்றால் அங்கிருந்தே பதிவுக்குப் போகும், ஆனாலும் போனதா என்று ஒரு முறை நேரில் கேளுங்கள். பதிவான பிறகு சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பெயரில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் "முனுசாமி", ரேஷன் கார்டில் "முனிசாமி", பத்திரத்தில் "முனியசாமி" என்று இருக்கும். பதியும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பின்னால் திருத்துவது பதிவதைவிடப் பெரிய வேலை.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போடலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், ரேஷன் கார்டு எடுத்துப் போங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு தாசில்தார் கையெழுத்தாகும். கட்டிக்கொடுத்த அக்கா தங்கை பெயரை விட்டுவிட்டு மனு போடாதீர்கள். சட்டப்படியும் தவறு, அப்பாவுக்குப் பின் குடும்பம் இரண்டாக உடைவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

6. தினமும் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம்

கருமாதி முடிந்த மறுநாளே இதைத் தொடங்குங்கள். நேரத்தை இன்றே முடிவு செய்யுங்கள். பெங்களூர் வண்டி பிடிக்கக் காலை 5 மணிக்குக் கிளம்புபவர் காலையை வைத்துக்கொள்ள வேண்டாம், அது நாலு நாளில் நின்றுவிடும். இரவு சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சிவனைக் கும்பிடுபவர்கள் சிவபுராணத்தைச் சத்தமாகப் படிக்கலாம். 95 அடி, நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடம் போதும். பொருள் புரியவில்லையே என்று நிறுத்த வேண்டாம். முதல் மாதம் நாக்குத் தடுக்கும், மூன்றாம் மாதம் பாதி மனப்பாடம் ஆகிவிடும், அதற்குப் பிறகு ஒரு அடி திடீரென்று புரியும். குலதெய்வம் முனியப்பனோ வீரபத்திரரோ மாரியம்மனோ என்றால் பாட்டே வேண்டாம். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அன்றைக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஆத்தா, இன்னிக்கு அம்மா புடவையை எடுத்து மடிச்சேன், முடியல" என்று சொன்னாலே அது வேண்டுதல்தான். வாய்விட்டுச் சொல்வதைக் கூச்சமாக நினைக்காதீர்கள். மனசுக்குள் நினைப்பது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். சொல்லிவிட்டால் கொஞ்சம் இறங்கும்.

படத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு வழக்கு உண்டு. இறந்தவர் படத்தைச் சாமி படங்களோடு கலந்து வைப்பதில்லை, தனியாக வைப்பார்கள். அதனால் கும்பிடும்போது முதலில் சாமி, பிறகு அப்பா படம் என்று இரண்டு இடத்தில் நிற்பீர்கள். அந்த இரண்டடி நடை முக்கியம். அப்பாவைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறோம் என்பது உடம்புக்குத் தெரியும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காகச் செய்ய வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு அன்றைய பத்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.

7. சாமி மேல் கோபம் வந்தால்

வரும். "எவ்வளவு கும்பிட்டாங்க அம்மா, அவங்களையே கொண்டுபோயிட்டியே" என்று தோன்றும். அதைப் பாவம் என்று அடக்காதீர்கள். திருநாவுக்கரசர் சின்ன வயதில் தகப்பனையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தவர். சைவத்தை விட்டே போய், வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்தார். அவர் திரும்பும் வரை அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகி, பூக்கட்டிக்கொண்டு இருந்தார். கோபத்தோடு இருப்பவரை வீட்டில் யாரும் கோயிலுக்கு இழுக்காதீர்கள். இன்னொருவர் அவருக்கும் சேர்த்து விளக்கேற்றினால் போதும். அவர் கையில் திரி திரிக்கவோ பூப்பறிக்கவோ ஒரு வேலை கொடுங்கள், கும்பிடச் சொல்லாதீர்கள்.

8. அமாவாசையை மாதத்தின் நங்கூரமாக வையுங்கள்

வருடத்துக்கு ஒரு திவசம் என்றால் இடைவெளி அதிகம். மாதம் ஒரு நாள் வேண்டும், அதற்குத்தான் அமாவாசை. செல்போனில் 12 அமாவாசையையும் இன்றே போட்டுவிடுங்கள், இரண்டு நாள் முன்னால் நினைவூட்டும்படி. ஷிப்ட் மாற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு நாள் வேண்டும்.

அமாவாசைத் தர்ப்பணம் தகப்பனார் இல்லாதவர்களுக்கு உரியது. அம்மா போய் அப்பா இருந்தால் மகன் மாதத் தர்ப்பணம் கொடுப்பதில்லை, அம்மாவுக்கு வருடத் திவசம் மட்டும். இது தெரியாமல் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தர்ப்பணம் கொடுத்து, அவர் மனசைப் புண்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கென்று ஒரு நாள் வேண்டுமென்றால் சித்ரா பௌர்ணமியை அப்படி வைத்துக்கொள்ளும் சைவக் குடும்பங்கள் உண்டு. கணவர் இருக்கும் பெண்கள் அமாவாசை விரதம் இருப்பதில்லை. ஆனால் கட்டிக்கொடுத்த மகள் தன் அப்பாவை நினைத்து மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கவும், ஒருவருக்குச் சாப்பாடு போடவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் எளிமையாகச் செய்ய வேண்டியது: காலையில் தலை குளித்து, ஈர வேட்டியோ துவைத்த வேட்டியோ கட்டி, கறுப்பு எள் ஒரு கைப்பிடியும் தண்ணீரும் எடுத்து, தெற்கே பார்த்து, அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களைச் சொல்லி மூன்று மூன்று முறை விடுவது. மூன்று தலைமுறைப் பெயர் தெரியாதவர்கள் இப்போதே அத்தையையோ பெரியப்பாவையோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர்களும் வயதானவர்கள். பிறகு படையல். சாதம், பருப்பு, வாழைக்காய் என்று வழக்கத்தில் இருந்தாலும் அவர் சாப்பிட்டதையும் ஒரு பக்கம் வையுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான் அவர் விரும்பியது என்றால் அதுதான் படையல். களியைச் சூடாக உருட்டி, நடுவில் குழி செய்து, அவர் விரும்பிய மாதிரி குழம்பை அதற்குள் ஊற்றி வைக்கும்போது கை நடுங்கும், நடுங்கட்டும். காக்கைக்கு வைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். காக்கை வரத் தாமதமானால் "அப்பாவுக்குக் கோபம்" என்று பேசாதீர்கள். ஓசூர் அடுக்குமாடிகளில் காக்கையே குறைவு. கால் மணி நேரம் பார்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கலாம்.

எள், அகத்திக்கீரை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் சேர்த்தும் செலவு பெரிதாக வராது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்கு மட்டும் கீரையை முந்தின நாளே சொல்லி வையுங்கள். அன்று காலையில் கட்டு விலை ஏறிவிடும், எட்டு மணிக்கு மேல் கிடைக்காது.

9. எந்த ஆறு, எந்தக் கோயில்

சாம்பல் கரைக்கவும் பெரிய அமாவாசைகளுக்கும் பலர் போவது ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆடி அமாவாசை வரும் நேரமும், கர்நாடகத்தில் மழை பெய்து அணைகள் நிரம்பித் தண்ணீர் திறக்கும் நேரமும் ஒன்று. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். முந்தின நாள் மாலை செய்தி பார்க்காமல் வண்டி எடுக்காதீர்கள். தடை இல்லாவிட்டாலும் பாறை வழுக்கும், வயதான அம்மாவைக் கரையிலேயே உட்காரவைத்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றுங்கள். கரையில் திதி கொடுத்து வைப்பவர்களிடம் உட்காரும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்.

தடை என்றால் தென்பெண்ணை இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கத்து அனுமன்தீர்த்தம் நல்ல இடம். ராமர் கேட்ட கங்கை நீரை அனுமன் கொண்டுவரத் தாமதமானதால், ராமர் அம்பு விட்டுத் தீர்த்தமலையில் தீர்த்தம் உண்டாக்கினார் என்றும், அனுமன் வீசிய நீர் விழுந்த இடம் அனுமன்தீர்த்தம் என்றும் தலக்கதை. கீழே அனுமன்தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் தீர்த்தமலை ஏறுவது பழைய வழக்கம். ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் கழிவால் நுரை பொங்கும் நாட்கள் உண்டு. அங்கே தலை முழுகாதீர்கள், வீட்டுத் தண்ணீரிலேயே குளித்து நாலு சொட்டு ஆற்று நீரைத் தெளித்துக்கொண்டால் போதும்.

"ஒரு வருடம் கோயில் படியே ஏறக்கூடாது" என்று சொல்வார்கள். பரவலான வழக்கு அவ்வளவு கடுமையானது இல்லை. தீட்டுக் கழித்த பிறகு கோயிலுக்குப் போகலாம். மலைக்கோயில் ஏறுவதையும், திருவிழா எடுப்பதையும், புது நேர்த்திக்கடன் வைப்பதையும்தான் பல குடும்பங்கள் ஒரு வருடம் தள்ளி வைக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி என்றால் தீர்த்தமலை அடிவாரத்திலேயே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், திவசம் முடிந்து ஏறலாம்.

தனியாக உட்கார இடம் வேண்டுபவர்களுக்குத் தருமபுரி கோட்டைக் கோயில் நன்றாக இருக்கும். மல்லிகார்ஜுனரும் காமாட்சி அம்மனும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். வார நாளில் நடை திறந்ததும் போனால் தூண் ஓரத்தில் அரை மணி நேரம் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். சாவுக்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டவர்கள் அதியமான்கோட்டைக் காலபைரவரைத் தேடிப் போவார்கள். தேய்பிறை அஷ்டமியன்று நிற்கவே இடம் இருக்காது, சாம்பல் பூசணி விளக்குப் புகையில் மூச்சு முட்டும். அமைதிக்குப் போகிறவர்கள் வேறு நாளில் போங்கள்.

அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத்துக்குப் பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். திவச நாளுக்குக் கட்டுவதென்றால் ஒரு மாதம் முன்பே பெயரும் தேதியும் கொடுத்துவிடுங்கள்.

10. கோயிலில் கையால் ஒரு வேலை

மனசு தேறுவதற்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம், உங்கள் ஊர்க் கோயிலில் உழவாரப் பணி. புல் செதுக்குவது, பிரகாரம் கூட்டுவது, விளக்குத் துலக்குவது. துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். கல்வெட்டு, சிலை, ஓவியம் இவற்றை நீங்களாகத் தேய்த்துக் கழுவாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். எடுத்துப் போக வேண்டியது தென்னந் துடைப்பம், மண்வெட்டி, கூடை, தண்ணீர், தலைக்குத் துண்டு.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பித்தளை விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பாருங்கள். முதல் கால் மணி நேரம் கறுப்பாகவே ஒழுகும். அதன் பிறகு விளிம்பில் மஞ்சள் தெரியத் தொடங்கும், அது தெரிந்ததும் கை நிற்காது. வீட்டில் பேசாத மகன்களும் மகள்களும் அங்கே உட்கார்ந்து, "அம்மா இப்படித்தான் வெள்ளிக்கிழமை துலக்குவாங்க" என்று பேசத் தொடங்குவார்கள்.

11. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு

கத்தோலிக்கக் குடும்பங்கள் 7-ஆம் நாள், 30-ஆம் நாள், வருட நினைவு என்று திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கலாம். பங்கு அலுவலகத்தில் பெயரும் நாளும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், அவசரத்தில் போனால் அந்த நாள் வேறு பெயரில் நிரம்பியிருக்கும். அடக்கம் பங்குப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பாருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கல்லறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிடுங்கள். தினப் பத்து நிமிடத்துக்கு 23-ஆம் திருப்பாடல், சங்கீதம் என்று சொல்பவர்களுக்கும் அதே எண்தான், வெறும் 6 வசனம். தூங்கும் முன் சத்தமாகப் படியுங்கள்.

இஸ்லாமியக் குடும்பங்களில் இறந்தவரின் கடனை அடைப்பது முதல் கடமை, பாகப் பிரிவினை அதற்குப் பிறகுதான். யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கடைத்தெருவில் விசாரித்து முதல் வாரத்திலேயே எழுதுங்கள். அப்பா போயிருந்தால் அம்மாவின் இத்தா, அதாவது கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் காலம், 4 மாதம் 10 நாள். பேங்க், தாலுகா அலுவலக வேலைகளை அதற்கேற்றபடி பிள்ளைகள் திட்டமிடுங்கள். குர்ஆனின் யாசீன் அத்தியாயம் 83 வசனம், ஒரே மூச்சில் முடியாதவர்கள் பிரித்து ஓதலாம். பெற்றவர் பெயரில் தண்ணீர்ப் பந்தலோ குழாயோ வைத்தால் அது நிலைத்து நிற்கும் தர்மம்.

12. கும்பிட்டும் தேறவில்லை என்றால்

இரண்டு மூன்று மாதம் கழித்தும் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, "நானும் அவங்க பின்னாடியே போயிடறேன்" என்ற எண்ணம் வருகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்ன எண்ணம் வந்தால் மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே. 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசனை இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. காய்ச்சலுக்குச் சாமி கும்பிட்டுக்கொண்டே ஊசி போடுகிறோம் இல்லையா, அதே போலத்தான். பேயோட்டுகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

13. தலைத் திவசம்

முதல் வருடத் திவசம் அதே தமிழ் மாதம், அதே பிறை, அதே திதி. பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் "சிரார்த்த திதி" என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஆங்கிலத் தேதியிலிருந்து பல நாள் முன்பின்னாக வரும், அதனால் இரண்டு மாதம் முன்பே பார்த்து அக்கா தங்கைகளுக்குச் சொல்லிவிடுங்கள். சில வருடம் ஒரே மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வரும். பொதுவாக இரண்டாவதை எடுப்பார்கள், செய்து வைப்பவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரிய விருந்து வேண்டாம். வீட்டார், பங்காளிகள், அவரோடு பழகிய நாலு பேர். அவர் வேட்டி, சால்வை, குடை என்று நல்ல நிலையில் இருப்பதைப் பயன்படுத்துபவருக்குக் கொடுக்கும் நாளும் இதுதான். அவற்றில் ஒன்றை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காசி, ராமேஸ்வரம் போக நினைப்பவர்கள் இதற்குப் பிறகு போகலாம். திவசத்துக்கு முன்பே அவசரப்படுத்தி முன்பணம் வாங்கும் யாத்திரை ஏற்பாட்டாளர்களுக்குப் பிடி கொடுக்காதீர்கள்.

அன்று இரவு, படையல் பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு, முதல் நாள் எழுதிய அதே நோட்டை எடுங்கள். அடுத்த வருடத் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து அதன் கீழே எழுதி, யார் வீட்டில் செய்வது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.